ஹூகோவும் எங்கள் எட்டுத் தறியும்

ஜூலை 22, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. ஆடி என்றாலும் இது அதிகம். காயப்போட்ட அம்மாவின் சேலை பக்கத்துத் தோட்டத்து முள்வேலி மேல். எடுக்கப் போய் விரலில் முள். டைப் அடிக்கும்போது அந்த விரல் மட்டும் வலித்தது.

தறி நின்று மூன்றாவது வாரம். நூல் தரும் வியாபாரிகள் கூலி ஏற்றித் தரும்வரை யாரும் ஓட்டக் கூடாதென்று சங்கத்தில் முடிவு. எங்கள் எட்டும் நிற்கின்றன. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியாயிற்று. இப்போது சத்தமில்லாமல் தூக்கம் வருவதில்லை. அப்பாவுக்கும் அப்படித்தான் போல. சும்மா பட்டறைக்குள் போய் விளக்கைப் போட்டு, பார்த்து, அணைத்துவிட்டு வருகிறார். "நூலும் அவங்குளுது, துணியும் அவங்குளுது. தறியும் கரண்டு பில்லும் மட்டும் நம்மளுது" என்று வியாபாரிகளைப் பற்றிச் சொல்வார். இந்த வாரம் அதைக்கூடச் சொல்லவில்லை.

ஆபீசில், சார் மொழிபெயர்க்கும் புத்தகத்தில் புதிய அத்தியாயம். சார் இங்கிலீஷில் படித்து, தமிழில் கையால் எழுதித் தருகிறார். நான் அடிக்கிறேன். நூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் இருந்த ஒரு பத்திரிகைக்காரர். ஹூகோ. பின்பெயர் ஒன்று உண்டு, நீளமானது, ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டியிருக்கிறது. நிலக்கரி விலை, கோதுமை விலை, எந்த பாங்க் எப்படி இருக்கிறது, இதுதான் அவர் எழுத்து. ராஜா, சண்டை எதுவும் கிடையாது. "இந்தப் புஸ்தகத்த ஆரு சார் வாங்குவாங்க?" என்று பேப்பர் எடுக்க வந்தவர் கேட்டார். "ஆரும் வாங்க மாட்டாங்க. அவன் நம்ம தொழில்காரன், அவ்வளவுதான்" என்றார் சார்.

சாரும் அதே தொழில். வாரம் ஒரு பேப்பர், நாலு பக்கம், சனிக்கிழமை வரும். பஞ்சு விலை, நூல் விலை, துணி விலை, கூலிப் பேச்சு.

இன்று அடித்தது: ஹூ. ஒரு காது கேட்காதவர். கோட்டின் இரண்டு பையிலும் இரண்டு கட்டுரை வைத்திருப்பாராம். ராத்திரி ஒன்று அச்சுக்குப் போகும், இன்னொன்று அடுப்புக்கு. ஏன் என்று எழுதியிருந்தது. கவனிக்கவில்லை. விரல்தான் படிக்கிறது, நான் படிப்பதில்லை. முள் வேறு.

வாங்க: து. பருப்பு, சோப்பு, ரசப்பொடி. பருப்பு மட்டும் வாங்கினேன்.

ஜூலை 23, செவ்வாய்

சார் ஈரோடு போனார், ஜவுளிச் சந்தை விலை எடுக்க. நான் மட்டும் ஆபீசில். சந்தோஷம். போன் அடிக்கும்வரை.

"ஏனுங், ஈரோட்டுல இன்னிக்கு வெலை எப்படிங்?"

எனக்குச் சத்தமே வரவில்லை. மேசையில் காலை விலை எழுதிய தாள் இருந்தது. படித்தால் போதும்.

"ஹலோ. ஆளிருக்கீங்ளா? மூச்சுடற சத்தம் கேக்குதுங்."

வைத்துவிட்டேன். அப்புறம் நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பாம்பைப் பார்ப்பதுபோல.

பத்தாவதோடு நின்றதற்குக் காரணம் வீட்டு நிலைமை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். உண்மைதான். அப்பவும் தறி நின்ற சமயம். ஆனால் இனி எழுந்து நின்று பாடம் வாசிக்க வேண்டாம் என்று எனக்கு உள்ளுக்குள் இருந்த நிம்மதி யாருக்கும் தெரியாது. டைப் சென்டர் அக்கா இந்த வேலைக்குச் சொல்லிவிட்டபோதும், "நல்லா அடிப்பாளுங்க, ஆனா பேசவே மாட்டாளுங்க" என்றுதான் சொன்னார். சார் சிரித்தார். "எனக்கு அதேதான் வேணும். இங்க அடிக்கிறது அச்சாகற வரைக்கும் வெளிய போகக் கூடாது." ஊமையாக இருப்பதற்குச் சம்பளம் கிடைக்கும் ஒரே இடம்.

அம்மா இப்போது பனியன் கம்பெனிக்குப் போகிறாள், பிசிறு வெட்டும் வேலை. தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளைப் பஞ்சு. "வயசாயிருச்சு பாரு எனக்கு" என்று கண்ணாடியில் பார்த்துச் சொன்னாள். கழுவிய பிறகும் வயசானமாதிரிதான் இருந்தாள்.

ஜூலை 24, புதன்

காற்று குறைந்து தூறல். பஸ்ஸில் நின்றுகொண்டே.

ஹூ. கதையில் இன்று ஒரு மோசமான இடம். அவருக்கு ஒரே தங்கை, மார்த்தா. பட்டன் கடை வைத்திருக்கிறாள். அவள் சேர்த்த பணமெல்லாம் ஒரு பாங்கில். அந்த பாங்க் காலையில் திறக்காது என்று ஹூகோவுக்கு முதல் நாள் மத்தியானமே தெரிந்துவிட்டது. அன்று தங்கை வீட்டில்தான் சாப்பாடு. உருளைக்கிழங்கு சூப். "உப்பு சரியாக இருக்கிறதா" என்று அவள் கேட்கிறாள். சரியாக இருக்கிறது என்கிறார். குடித்து முடித்து, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். மறுநாள் காலை பாங்க் வாசலில் நிற்கும் கூட்டத்தில் நின்று, அண்ணன் எழுதியதை அண்ணன் பேப்பரிலேயே படிக்கிறாள் அவள்.

எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அடிப்பதை நிறுத்தினேன். சார் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன கண்ணு, எழுத்துப் புரியலையா?"

"புரியுதுங் சார்."

"தங்கச்சிகிட்டச் சொல்லீருந்தா?"

அவரே சொன்னார், "அவ பக்கத்து ஊட்டுக்காரிகிட்டச் சொல்லுவா. அவ அவளுக்குப் பக்கத்தாளுகிட்ட. சாயங்காலத்துக்குள்ள கெட்டிக்காரங்க எல்லாம் எடுத்துக்குவாங்க, ஒண்ணும் தெரியாதவனுக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும். எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல தெரியோணும். அதுக்குத்தான் பேப்பரு."

நியாயம்தான். ஆனாலும் அந்த சூப்பைக் குடிக்காமலாவது போயிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு பைக். பல்லடத்து செந்திலண்ணன், பழைய இரும்பு எடுப்பவர். அப்பாவோடு பட்டறைக்குள். தறியைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தார், சந்தையில் மாட்டைத் தட்டுவதுபோல. வெள்ளிக்கிழமை லாரி கொண்டுவருகிறாராம். எட்டும் எடைக்கு.

அம்மா அடுப்படியிலிருந்து, "ஏனுங்க, எட்டுமேங்களா?" என்றாள்.

"நின்னாத் துருப்புடிக்கும். வித்தாச் சோறாகும்."

"பேச்சுவார்த்த இருக்குதுங்கறாங்க."

"இருக்குது இருக்குது. அது ஆறு வருசமா இருக்குது."

ரசம் நன்றாக இல்லை, பொடி இல்லாததால்.

ஜூலை 25, வியாழன்

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. நோட்டில் எழுதுவது வெளியே சொல்வது ஆகாது என்று நினைக்கிறேன்.

மத்தியானம் சாருக்கு ஒரு போன். "சரிங்க. அப்ப அப்படியே போட்டர்றனுங்க" என்று வைத்தார். ஒரு தாளில் மளமளவென்று எழுதித் தந்தார். "மொதல் பக்கம். இதை மொதல்ல அடி கண்ணு. சனிக்கிழமை வரைக்கும் இந்த ரூமுக்குள்ளயே இருக்கோணும்."

கூலிப் பேச்சு முடிந்தது. உயர்வுக்கு வியாபாரிகள் சம்மதம். திங்கள் முதல் தறிகள் ஓடும்.

இரண்டு தடவை படித்தேன். விரல் அல்ல, நான். நாளை சாயங்காலம்தானே கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை? அதற்குள் எப்படி? பெரிய மனிதர்கள் விஷயம், உள்ளே எல்லாம் முன்னாடியே முடித்துவைத்திருப்பார்கள், நாளைக்குக் கையெழுத்து மட்டும் என்று நானே நினைத்துக்கொண்டேன். கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கடைசியாகக் கேட்பதுபோல.

நாளைக் காலை லாரி. சனிக்கிழமை பேப்பர். நடுவில் ஒரே ஒரு நாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் ஒன்றும் பார்க்கவில்லை. ஒரு அம்மாள் இன்னொருத்தியிடம், "சொல்லாம இருந்தா மண்ட வெடிச்சுப் போயிருமுங்க எனக்கு" என்றாள். எனக்கென்று சொன்னமாதிரி இருந்தது. நாத்தனார் விஷயம் அது.

வீட்டில் அப்பா தறியில் அரைகுறையாக நின்ற பாவு நூலை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசல்படியில் நின்றேன். "என்ன அம்மணி?" என்றார். "ஒண்ணுமில்லீங்ப்பா" என்றேன்.

சாப்பாட்டில் அம்மா கேட்டாள், "உப்புச் செரியா இருக்குதா?"

சரியாகத்தான் இருந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

லாரி வந்துவிட்டது, நான் ஆபீசுக்குக் கிளம்புமுன். செந்திலண்ணன், கூட இரண்டு ஆட்கள், கம்பி, கயிறு. அம்மா ஆடி வெள்ளிக்கு வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டிருந்தாள். லாரிக்காரர் டயரைக் கோலத்தின் மேல் ஏற்றிவிட்டார்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் என் வாயிலிருந்து வந்தது.

"அப்பா, இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்க."

எல்லோரும் திரும்பினார்கள். செந்திலண்ணன் என்னை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இதற்கு முன் எத்தனையோ முறை வந்திருக்கிறார், நான் பேசி அவர் கேட்டதில்லை.

"வெள்ளிக்கெழம ஊட்டுப் பொருள வெளிய குடுக்கக் கூடாதுங்ப்பா. ஆடி வெள்ளி."

"பழைய இரும்புக்கு வெள்ளி என்ன, செவ்வாய் என்ன அம்மணி" என்று செந்திலண்ணன் சிரித்தார்.

ஆனால் அம்மா கையில் விளக்கோடு வெளியே வந்துவிட்டாள். "அவ சொல்றது செரிங்க. சோறு போட்ட இரும்பு. இன்னிக்கு வேண்டாமுங்க. உங்குளுக்குப் புண்ணியமாப் போகும்."

அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அம்மாவைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார். "செரி, நாளைக்கு வாங்க செந்திலு."

"நாளைக்குச் சனிங்க. சனிக்கெழம நான் இரும்பு எடுக்க மாட்டேன்."

"ஏய்யா, உன்ற தொழிலே அதுதானே?"

"தொழில்தானுங்க. அதுக்காகச் சனியனக் காசு குடுத்து வாங்க முடியுங்களா? ஞாயித்துக்கெழம வாரேன்."

லாரி போயிற்று. ஆபீஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை வெளியே சொல்லவில்லை. சொல்லவே இல்லை.

அப்பா பக்கத்தில் வந்தார். அம்மாவுக்குக் கேட்காத குரலில், "அம்மணி, ஆபீசுல ஏதாச்சும் பேச்சு இருக்குதா?"

தலையைக் குனிந்துகொண்டேன். எதற்கும் குனிவதுதான். அப்பா அதையே பதிலாக எடுத்துக்கொண்டார் என்று அவர் திரும்பி நடந்தபோது தெரிந்தது. நடையே வேறு.

சாயங்காலம் வந்தால் பட்டறையில் விளக்கு. எண்ணெய் வாசம். எட்டையும் துடைத்து, அறுத்த இடத்தில் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பட்டறைக் கிட்டான் மாமாவும் அங்கேதான். அவருக்கும் நாலு தறி, அவரும் எடைக்குப் போடுவதாக இருந்தார்.

"கொஞ்சம் பொறு கிட்டா. அவசரப்படாத."

"ஏனுங் மாமா, தாக்கல், சேதி ஏதாச்சும் வந்துச்சுங்ளா?"

"வந்துச்சு, வரலை. பொறுங்கறேன்."

கிட்டான் மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் உள்ளே ஓடிவிட்டேன். அம்மா பாயசம் வைத்திருந்தாள், வெல்லம் கம்மி. வெகு நாளுக்குப் பிறகு அப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

ஜூலை 27, சனி

பேப்பர் கட்டு ஆபீஸ் வாசலில் கிடந்தது. முகவரி ஒட்டுவது என் வேலை. கயிற்றை அறுத்தேன்.

முதல் பக்கம்: பேச்சுவார்த்தை தோல்வி. வியாபாரிகள் பாதியில் எழுந்து போனார்கள். அடுத்த தேதி பிறகு.

வேறு ஊர்ப் பேப்பரோ என்று மேலே பெயரைப் பார்த்தேன். நம் பேப்பர்தான். நான் அடித்த ஒரு வரிகூட அதில் இல்லை.

சார் சர்க்கரை இல்லாத டீயோடு வந்தார். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி இது. "சார், நான் அடிச்சது?"

"எது? ஓ, அதா. ஆயிரும் போலன்னு போன்ல சொன்னாங்க, அது ஆனாப் போடறதுக்கு. இது ஆகலைன்னாப் போடறதுக்கு. இதை நானே அடிச்சு வெச்சிருந்தேன், உனக்கு நேரமாச்சேன்னு. சாயங்காலம் முடியற பேச்சுக்கு உடனே பிரஸ்சுல பக்கம் குடுக்கோணுமில்ல கண்ணு, அப்பறம் எப்ப உக்காந்து எழுதறது? எப்பவும் ரெண்டு வெச்சிருப்பேன். நீ வந்ததுக்கப்பறம் இதுதான் மொதப் பேச்சு, அதான் உனக்குத் தெரியல." டீயை ஊதினார். "திங்கக்கெழம அடிச்சியே, ஹூகோ கோட்டுல ரெண்டு பை."

அடித்தேன். ஆமாம், அடித்தேன்.

"ஏன் கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்லீங் சார்."

முகவரி ஒட்டினேன். கிட்டான் மாமா பெயரும் வந்தது. சந்தாதாரர். அதையும் ஒட்டினேன், கோணலாக.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது, எல்லோருடைய போனிலும். அப்பா பட்டறைக்குள் ஸ்டூலில். எண்ணெய்த் துணி கையில். என்னைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்றார்.

கிட்டான் மாமா வரவில்லை. அவர் வீட்டு வாசலில் அவர் சம்சாரத்தின் குரல் மட்டும்: "அவுங்க பொறுன்னா நீங்க ஏனுங்க பொறுத்தீங்க?"

ஜூலை 28, ஞாயிறு

வெயில். காற்றே இல்லை.

செந்திலண்ணன் சொன்னபடி வந்தார். ஆனால் லாரியில் ஏற்கெனவே வேறு யாருடைய தறியோ கிடந்தது. விலையைக் குறைத்துவிட்டார்.

"வெள்ளிக்கெழம குடுத்திருந்தா அந்த வெலைதானுங்க. நேத்துப் பேப்பர் வந்ததுல இருந்து போன் கீழ வெக்க முடியலை. ஊர் ஊரா எடுக்கச் சொல்றாங்க. குடோன்ல எடமில்லைங்க. உங்க மொகத்துக்காக வந்தேன்."

அப்பா பேரம் பேசவில்லை. ஆறை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கடைசி இரண்டை விட்டுவிடச் சொன்னார். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கே தெரிந்திருக்காது.

இன்றும் அம்மா கோலம் போட்டிருந்தாள், சின்னது. ஓரமாகத்தான் லாரியை நிறுத்தினார்கள்.

கிட்டான் மாமாவும் நாலையும் போட்டார். கயிறு கட்டும்போது அப்பாவும் அவரும் ஒரே கயிற்றின் இரண்டு முனையில். முடிச்சு இறுகியதா என்று ஒருவர் இழுக்க, இன்னொருவர் பிடித்தார்.

லாரி போன பிறகு பட்டறையைக் கூட்டினேன். தறி இருந்த இடமெல்லாம் தரை வேறு நிறம், கருப்பாக, எண்ணெய் ஊறி. கூட்டினால் போகாது. அப்பா உள்ளே வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். தாள், போன், திங்கள் முதல் ஓடும், வெள்ளிக்கிழமை. இவ்வளவு நீளமாக அப்பாவிடம் பேசியதே இல்லை. முன்னும் பின்னுமாக வந்தது.

முழுக்கக் கேட்டார். அப்புறம், "நீ ஒண்ணும் சொல்லலை கண்ணு" என்றார். "நாந்தான் கேட்டுக்கிட்டேன்."

துடைப்பத்தை வாங்கி மீதியை அவரே கூட்டினார்.

ஜூலை 29, திங்கள்

மறுபடி காற்று. பஸ் லேட்.

சோப்பு, ரசப்பொடி வாங்கியாயிற்று.

ஹூ. கிழவராகிவிட்டார். மார்த்தா கடைசிவரை அவரோடு பேசவில்லை. அன்று ஏன் சொல்லவில்லை என்று ஒரு சின்னப் பெண், யாரோ, அவரைக் கேட்கிறாள். கொள்கை அது இது என்று அவர் சொல்லவில்லை. "அதற்கு முன் இரண்டு தடவை, பாங்க் மூடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது, இரண்டும் தப்பாகப் போயிற்று, மூன்றாவதும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன்" என்கிறார். ஆனால் மூன்றாவது சரியாகப் போய்விட்டது. சார் அந்த இடத்தில் கோடு போட்டு, மாற்றி மாற்றி மூன்று விதமாக எழுதியிருந்தார். எதை அடிப்பது என்று கேட்டேன். "உனக்கு எது நல்லாருக்குது?" என்றார். நடுவில் இருந்ததை.

அடுத்த பேச்சு வியாழன் என்று காலையிலேயே சார் மேசையில் எழுதி வைத்திருந்தார். மத்தியானம் போன் அடித்தது. சார் டீக்குப் போயிருந்தார். எடுத்தேன்.

"ஏனுங், அடுத்த பேச்சுவார்த்தை என்னிக்குங்?"

"வியாழக்கெழமைங்க."

"ஆகுமுங்ளா?"

"தெரியாதுங்க."

அவர் நன்றி சொல்லி வைத்தார். ரிசீவரைத் துடைத்து வைத்தேன்.

சாயங்காலம் சார் தாள் தந்தார், வியாழனுக்கு. இந்தத் தடவை இரண்டு. இரண்டையும் அடித்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம்.

அப்பா பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"ஆபீசுல ஏதாச்சும் உண்டா அம்மணி?"

"ரெண்டு அடிச்சிருக்குதுங்ப்பா. ஆகும்னு ஒண்ணு, ஆகாதுன்னு ஒண்ணு."

"ரெண்டுமா?"

"ரெண்டுமுங்ப்பா."

யோசித்தார். எழுந்து உள்ளே போய் எண்ணெய் டப்பாவை ஆட்டிப் பார்த்தார். கொஞ்சம் இருந்தது. மீதமிருந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டும் விட்டார்.